அந்தப் புகைதான் மாப்பிள்ளை

எனக்குப் படம் எடுக்கத் தெரியும். இதை முதலிலேயே அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கட்டுரையை வாசித்து முடிக்கும்போது உங்களுக்கு அதில் சந்தேகம் வரும். எங்கள் குடும்பத்தில் அப்படிச் சந்தேகம் எதுவும் இல்லை. அவர்கள் சந்தேகத்தைத் தாண்டி முடிவுக்கே வந்துவிட்டார்கள்.

நான் எடுப்பது ஆட்களை அல்ல, வானத்தை. அதிலும் சந்திரன், வியாழன் போன்ற பக்கத்து வீட்டுக்காரர்கள் எனக்குப் பொருட்டே இல்லை. கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் கிடக்கிற வாயு முகில்கள், அதாவது நெபுலாக்கள், நட்சத்திரக் கொத்துகள், அன்ட்ரோமீடா மாதிரி வேறு அண்டங்கள், இவைதான் என் ஆட்கள். பகலில் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலை. வேலை முடிந்து வந்தால் மொட்டை மாடியில் தொலைநோக்கி. (அப்பா அதற்கு வைத்த பெயர் பீரங்கி. வாங்கிய புதிதில், துறைமுகத்தை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கிற இந்தக் குழாய் என்ன என்று விசாரிக்க இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். நான் வியாழனைக் காட்டினேன். ஒருவர் பார்த்துவிட்டு, தன்னுடைய சாதகத்தில் வியாழன் எப்போது மாறும் என்று கேட்டுவிட்டுப் போனார்.)

அதுதான் என் பெரிய தலையிடி. எங்கள் ஊரில் "நட்சத்திரம் பார்க்கிற தம்பி" என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். ஒழுங்கையில் என்னைக் கண்டால் பெண் பிள்ளை வைத்திருக்கிற தாய்மார் சாதகக் குறிப்போடு ஓடி வருவார்கள். நான் ஒளியாண்டு பற்றி விளக்க, அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப இந்த வருசம் சரிவராதோ?" என்பார்கள்.

இந்த வானப் படங்களை எடுக்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் செய்த கூத்து உங்களுக்கு விளங்காது. நெபுலா என்பது மிகவும் மங்கல். ஒரு படத்தில் வராது. ஆகவே கமராவை அசையாமல் வைத்து, அதே இடத்தை நூறு, இருநூறு தரம் எடுக்க வேண்டும். பிறகு கொம்பியூட்டரில் எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அடுக்கும்போது ஓர் அற்புதம் நடக்கும். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருப்பது நிலைத்து நிற்கும். ஒன்றிரண்டு படத்தில் மட்டும் குறுக்கே வந்து போவது, விமானமோ செய்மதியோ வௌவாலோ, குப்பை என்று கணக்கிடப்பட்டுத் தானாகக் கழிந்துபோகும். அசையாதது நிற்கும், அசைவது அழியும். இந்த வசனத்தை ஒரு பக்கமாக எடுத்து வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இன்னொன்று. சாதாரண கமராவுக்குள் சிவப்பைக் குறைப்பதற்கென்று ஒரு மெல்லிய கண்ணாடி இருக்கிறது. நெபுலாக்களின் அழகே அந்தச் சிவப்பில்தான். ஆகவே நான் அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். அதன்பிறகு என் கமரா வானத்தைப் பார்த்தால் சொர்க்கம். ஆட்களைப் பார்த்தால் எல்லாரும் பீட்ரூட்.

சரி, இனிக் கலியாணத்துக்கு வருவோம்.

என் அக்கா மாலினிக்கு ரொறன்ரோ மாப்பிள்ளை பேச்சு வந்தது. மாப்பிள்ளை ரமணன். தகப்பன் இல்லை, தாய் மட்டும். எங்களுக்குக் கனடா மாமி. மாமி ஒரு காலத்தில் கணித ரீச்சர். போனில் கதைத்தாலே அப்பா கதிரையில் நிமிர்ந்து உட்காருவார். பொருத்தம் பார்த்தார்கள், பத்துக்கு எட்டு. மாப்பிள்ளையின் நட்சத்திரம் கார்த்திகை.

கார்த்திகை என்று கேட்டதும் எனக்குக் கை துருதுருத்தது. கார்த்திகை என்பது ஒரு நட்சத்திரம் இல்லை, ஒரு கொத்து. நீலப் புகை போர்த்திய அழகான கொத்து. முந்திய மாசிதான் திரியாயில் சொந்தக்காரர் ஒருவரின் வயலில் நின்று அதை எடுத்திருந்தேன். (துறைமுக வெளிச்சம் எட்டாத இருட்டு. யானை மட்டும் எட்டும்.) அந்தப் படத்தை மாமிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பி, "மாமி, இதுதான் உங்கட மகன்ட நட்சத்திரம். நான் எடுத்தனான்" என்று எழுதினேன்.

ஐந்து நிமிசத்தில் மாமி கோல் எடுத்தார்.

"தம்பி, இது உண்மையிலே நீர் எடுத்ததோ?"

"ஓம் மாமி."

"எவ்வளவு தூரத்தில கிடக்குது?"

"நானூறு ஒளியாண்டுக்கு மேல."

மாமி மனதுக்குள் பெருக்கிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு சொன்னார்: "எனக்கு முழங்கால் ஒப்பரேசன். கலியாணத்துக்கு வர ஏலாது. என்ர ஒரே பிள்ளை தாலி கட்டுறதை நான் படத்திலதான் பார்க்கவேணும். அந்தப் படத்தை நீர்தான் எடுக்கவேணும்."

அதற்கு மேல் இன்னொரு காரணமும் இருந்தது. கலியாணம் முடிந்த கிழமையே ரமணன் அத்தான் திரும்பிப் போய் அக்காவை ஸ்பொன்சர் பண்ண வேண்டும். அதற்கான விண்ணப்பக் கோவைக்குள் கலியாணப் படங்களும் போகும். அங்கே கோவை செய்கிறவர் அத்தானிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: தாலி கட்டுகிற படம் முக்கியம், மாப்பிள்ளை முகமும் பொம்பிளை முகமும் தெளிவாக இருக்கவேண்டும். ஆகவே அக்கா கனடா போவதும், ஒரு தாயின் ஆசையும் என் ஒரு படத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் என்ன செய்வான்? ஸ்ரூடியோக்காரரைக் கூப்பிடுவான். அப்பா கூப்பிட்டுத்தான் இருந்தார். நான் அதை நிறுத்தினேன்.

"அப்பா, இருபத்தைந்து இலட்சம் ஒளியாண்டுக்கு அங்கால இருக்கிற அன்ட்ரோமீடாவையே பிடிச்சிருக்கிறன். ஆறடியில இருக்கிற அக்காவைப் பிடிக்க ஏலாதோ?"

அப்பாவிடம் இதற்குப் பதில் இல்லை. (இன்று இருக்கிறது. வருடம் தவறாமல் சொல்லுகிறார்.)

பீட்ரூட் பிரச்சினையை நான் மறக்கவில்லை. அதற்கும் திட்டம் இருந்தது. மின்வெளிச்சத்தில் எடுத்தால்தானே முகம் சிவக்கும்? குத்துவிளக்கு வெளிச்சத்தில் எடுத்தால் அந்தச் சிவப்பு இயற்கையாக இருக்கும். மங்கலாக இருக்குமே என்றால், மங்கலில் படமெடுப்பதுதானே என் தொழில்! கமராவை அசையாமல் முக்காலியில் வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் எட்டுச் செக்கன் திறந்து வைத்து, அரை மணித்தியாலம் தொடர்ந்து எடுத்து, எல்லாவற்றையும் அடுக்கினால், ஒரு புள்ளி அழுக்கு இல்லாத படம். கடலோரத்தில் இருந்து கந்தளாய் வரை எந்த ஸ்ரூடியோவிலும் அப்படி ஒரு படம் இருக்காது.

(இருக்கவில்லைதான்.)

கலியாணத்தன்று காலையில் மண்டபத்தை ஒரு வானாய்வு நிலையமாக மாற்றினேன். யன்னல்களுக்குத் தடித்த திரை போட்டேன். மணவறைக்கு மேலே அலங்காரக்காரர் கட்டியிருந்த போகஸ் லைட்டுகளை அணைப்பித்தேன். அவர் கேட்டார், "தம்பி, இது கலியாணமோ, செத்த வீடோ?" நான் அவருக்கு வெளிச்ச மாசு பற்றி விளக்கினேன்.

பிறகு போன்கள். இந்தக் காலத்துக் கலியாணங்களில் தாலி கட்டுகிற நேரத்தில் இருநூறு கை எழும்பும், இருநூறு பிளாஷ் மின்னும். என் எட்டுச் செக்கனுக்குள் ஒரு பிளாஷ் மின்னினாலும் போச்சு. ஆகவே வாசலில் ஒரு பெரிய பனையோலைக் கடகத்தை வைத்தேன். அதற்குப் பக்கத்தில் நின்று, வருகிற ஒவ்வொருவரிடமும் போனை வாங்கி, இலக்கத் துண்டு கொடுத்து, கடகத்துக்குள் போட்டேன். சந்தனம் கொடுக்கிற தங்கச்சி ஒருத்தி, பன்னீர் தெளிக்கிற தங்கச்சி ஒருத்தி, போன் பறிக்கிற நான். வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தை, எங்கள் ஊர்த் தெருவில் மாடு மாதிரித் திரிகிற மான்களில் ஒன்று வந்து ஆறுதலாகத் தின்றுகொண்டிருந்தது. அதை விரட்டக்கூட நேரமில்லாத அளவுக்கு நான் கடமையில் இருந்தேன்.

மாப்பிள்ளை பக்கத்தில் ஒரு மாமி, ஈச்சிலம்பற்றில் இருந்து வந்தவர், கனடா மாமியின் மச்சாள். கையில் தாம்பாளம். தாம்பாளம் நிறையப் பூ.

"மாமி, போன்?"

"என்னட்ட என்ன போன் மகன்? வயல்காட்டுச் சனம் நாங்க."

நல்ல மனுசி என்று நினைத்து உள்ளே விட்டேன்.

மைக்கைப் பிடித்து ஓர் அறிவித்தலும் செய்தேன். "அன்பான உறவுகளே, தாலி கட்டும் வேளையில் தயவுசெய்து எவரும் அசைய வேண்டாம்." சபையில் சிரிப்பு எழுந்தது. நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

ஐயர் என்னைக் கையால் கூப்பிட்டார். "தம்பி, மந்திரம் வாசிக்க வெளிச்சம் காணாதே."

"ஐயா, உங்களுக்குப் பாடம்தானே?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அக்கினியைப் பார்த்தார். அதற்குள் நெய் கொஞ்சம் கூடுதலாக விட்டார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதன்பிறகு புகை மண்டியது.

அடுத்ததாகத் தவில்காரரிடம் போனேன். அடிக்கிற அதிர்வில் முக்காலி ஆடுகிறது, கெட்டிமேளத்தைக் கொஞ்சம் மெதுவாக அடிக்க முடியுமா என்று பணிவாகக் கேட்டேன். ஒரு நாதஸ்வரக்காரரும் இரண்டு தவில்காரரும் ஒரே நேரத்தில் ஒரு மனிதனைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்பதை அனுபவித்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். அன்று அடித்த கெட்டிமேளம் கப்பல் கட்டுகிற இடம் வரை கேட்டதாம்.

அக்காவிடம் மட்டும் நேராகப் போய்ச் சொன்னேன். "அக்கா, ஆடாதை. என்ன நடந்தாலும் ஆடாதை."

அக்கா சின்ன வயதிலிருந்தே சொன்னதைச் செய்கிறவள். கூறைச்சேலையோடு வந்து உட்கார்ந்தவள் சிலை மாதிரி இருந்தாள். அத்தானிடமும் சொன்னேன். அவர் பாவம், தலைப்பாகைக்குள் வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். துடைப்பதும், திரும்புவதும், ஐயர் சொன்னதைச் செய்யக் குனிவதும் நிமிர்வதுமாக இருந்தார். எழும்பினார், தாலி கட்டினார், இருந்தார். அறுகரிசி மழையாகக் கொட்டியது. கமரா தன்பாட்டில் திறந்து மூடித் திறந்து மூடி எடுத்துக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கமரா வழியாகப் பார்க்கக்கூட இல்லை. பார்த்தால் கை பட்டு ஆடிவிடும் அல்லவா?

பந்தியில் எல்லாரும் சாப்பிடும்போது நான் பொம்பிளை அறைக்குள் லப்டொப்பைத் திறந்து படங்களை அடுக்கப் போட்டேன். பாயசம் குடித்து முடிக்கும்போது மணி அடித்தது. அடுக்கி முடிந்தது. எனக்கு ஒரு பழக்கம் உண்டு: அடுக்கி முடிந்தவுடன் மூலப் படங்களை அழித்துவிடுவேன், லப்டொப்பில் இடம் காணாது. அழித்தேன். பின்னேர வரவேற்புக்கு வேண்டும் என்று கமராவின் மெமரிக் காட்டையும் வெறுமையாக்கினேன். அடுக்கின படத்தைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். அடுக்கின படம் முதலில் வெறும் கறுப்பாகத்தான் இருக்கும். பிறகுதான் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து எடுக்க வேண்டும். அதை அவசரத்தில் செய்யக்கூடாது. நல்ல நேரம் பார்த்து, குடும்பமாக இருந்து செய்ய வேண்டும் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலை, குடும்பமாக இருந்தோம். அப்பா, அம்மா, அக்கா, அத்தான். லப்டொப்பை ரீவியில் கொழுவினேன். திரை முழுக்கக் கறுப்பு.

"என்னடா, கரண்ட் போயிட்டுதோ?" என்றார் அப்பா.

"பொறுங்கோ அப்பா. வெளிச்சம் உள்ளுக்கு இருக்குது. இப்ப வரும்."

ஒரு மந்திரவாதி மாதிரி இழுக்கத் தொடங்கினேன். முதலில் குத்துவிளக்கு வந்தது. தங்கம் மாதிரி. பிறகு நிறைகுடம். தேங்காயில் இருந்த குடுமி மயிர் ஒவ்வொன்றையும் எண்ணலாம். பிறகு அக்கா. கூறைச்சேலையின் சரிகை இழை இழையாகத் தெரிந்தது. முகத்தில் துளி அழுக்கு இல்லை. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ர பிள்ளை," என்றார். அக்காவைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா தெரியவில்லை. நான் என்னை என்றே எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது வந்த பெருமையை நான் மறைக்க விரும்பவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய ஆளாக நான் அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.

அக்காவுக்குப் பக்கத்தில், சந்தனப் பொட்டோடு, பட்டுச் சால்வையோடு, துல்லியமாக ஒரு மனிதர் வந்தார். எங்கள் சித்தப்பா, பெயர் குலம். வாயைத் திறந்தபடி நித்திரை. மணவறைக்குப் பக்கத்துக் கதிரையில் அவர் அரை மணித்தியாலமும் அசையாமல் உறங்கியிருக்கிறார். பல்லுக் கட்டியிருந்த கம்பிகூடத் தெரிந்தது.

"இதென்ன, குலத்துக்கே கட்டி வச்சனாங்கள்?" என்றார் அப்பா.

"அத்தான் எங்க?" என்று அக்கா கேட்டாள்.

நான் இன்னும் இழுத்தேன். சித்தப்பாவுக்கும் அக்காவுக்கும் நடுவில், அத்தான் இருக்க வேண்டிய இடத்தில், மெல்ல மெல்ல ஒரு புகை வந்தது. இளஞ்சிவப்புப் புகை. வெள்ளை வேட்டியும் சால்வையும் அக்கினிப் புகையும் கலந்து, என் பீட்ரூட் கமராவுக்குள்ளால் வந்து, சிவந்து, சுருண்டு, ஓரத்தில் மெதுவாகக் கரைந்துபோகிற ஒரு புகை. உண்மையைச் சொன்னால் மிகவும் அழகாக இருந்தது. நான் மிருகசீரிடத்துப் பக்கம் எடுத்த நெபுலாவைவிட நன்றாக இருந்தது. புகைக்குக் கீழே ஒரு முழங்கால் மட்டும் தெளிவாக இருந்தது.

அசையாதது நிற்கும். அசைவது அழியும். அத்தான் எழும்பித் தாலி கட்டிய அந்தக் கணம் என் கொம்பியூட்டருக்கு ஒரு விமானம் குறுக்கே போன மாதிரி. குப்பை என்று கழித்துவிட்டது. அக்காவின் கழுத்தில் தாலிகூட இல்லை. அது கடைசிச் சில படங்களில்தானே வந்தது? இரண்டு பக்கத்துச் சனமும் வாழ்த்தி எறிந்த அறுகரிசியில் ஒரு மணிகூட மிஞ்சவில்லை. மூலப் படங்களை அழிக்காமல் வைத்திருந்தாலும், எட்டுச் செக்கனில் அத்தான் ஒரு நீளக் கோடாகத்தான் இருந்திருப்பார்.

அத்தான்தான் முதலில் வாயைத் திறந்தார். "முழங்கால் என்ரதான்," என்றார், உதவி செய்கிற மாதிரி.

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் நான் சமாளித்திருப்பேன். திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "என்ர கலியாணத்தில நான் தனிய இருக்கிறன்டா."

அத்தான் அந்தக் கிழமை போய்விடுவார். அதற்குப் பிறகு கோவை சரிவரும் வரை அவள் உண்மையாகவே தனியத்தான் இருக்கப்போகிறாள். அதை எப்படியாவது சுருக்கத்தான் அந்தப் படம்.

வரவேற்புப் படங்களைத் திறந்து பார்த்தோம். எல்லாரும் இருந்தார்கள், அவித்த நண்டு நிறத்தில். தாலி கட்டுகிற படம் என்று ஒன்று எவரிடமும் இல்லை. எப்படி இருக்கும்? எல்லாருடைய போனையும் கடகத்துக்குள் போட்டுக் காவல் காத்தவன் நான்தானே?

அப்பா யோசித்துவிட்டு, "ஐயரைக் கூப்பிட்டு ஒருக்காச் சும்மா கட்டுற மாதிரி..." என்று இழுத்தார்.

அம்மா எழும்பிவிட்டார். "உங்களுக்கு என்ன விசரோ? தாலி ஒருக்காத்தான் கட்டுறது!"

அக்காவும் மறுத்தாள். "நான் நடிக்க மாட்டன். கட்டினது கட்டினதுதான். அது பொய்ப் படம்."

கடைசியில் தீர்ப்பு ஒன்றாகத்தான் வந்தது: கனடா மாமிக்கு நானே கோல் எடுத்து நானே சொல்ல வேண்டும். எடுத்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டார்கள். (என் மானம் எல்லாருக்கும் சமமாகப் போய்ச் சேரவேண்டும் அல்லவா?)

"மாமி, தாலி கட்டுற படத்தில ஒரு சின்னப் பிழை."

"என்ன பிழை?"

"அத்தான் இல்லை."

நான் படம் அடுக்குகிற விதத்தை விளக்கத் தொடங்கினேன். சராசரி, விலகல் என்று கணிதச் சொற்களைப் போட்டால் கணித ரீச்சர் மனம் இரங்குவார் என்று நினைத்தேன். மாமி பாதியில் மறித்தார்.

"எனக்கு விளங்குது தம்பி. பெரும்பான்மைக்கு ஒத்துவராததைத் தள்ளிப்போட்டீர். கலியாணத்தில தாலி கட்டுறது ஒருக்காத்தானே நடக்கும்? அதையே தள்ளினால் மிச்சம் என்ன?"

"மாமி, நீங்கள் ஆசையாக் கேட்ட படம். என்னால உங்களுக்குப் பார்க்கக் கிடைக்கேல்லை," என்றேன். அது நடிப்பில்லை.

"ஆர் சொன்னது? நான் பார்த்தனான்."

நாங்கள் எல்லாரும் போனைப் பார்த்தோம்.

"எல்லாம் பார்த்தனான். இஞ்ச நடுச்சாமம். முழங்காலை நீட்டிக்கொண்டு இருந்து முழுக்கப் பார்த்தனான். என்ர மச்சாள் வீடியோ கோல் போட்டவ."

"அவ போன் இல்லையெண்டு சொன்னவவே!"

"பூத் தட்டுக்குள்ள வச்சிருந்தவ. நீர் வாசலில நிண்டு பறிக்கிறீர் எண்டு கேள்விப்பட்டு, காரிலயே பூவைக் குவிச்சு மறைச்சவ. ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு நான்தான் சத்தியம் வாங்கினனான். நீர் கவலைப்படுவீர் எண்டு. பொறும், அவன் தாலி கட்டேக்க நான் இஞ்ச ஸ்கிரீன் ஷொட் எடுத்தனான்."

படம் வந்தது. அத்தானின் போனில்தான் வந்தது. ஐந்து தலை அதைச் சுற்றிக் குனிந்தன.

படத்தின் கால்வாசி மல்லிகைப் பூ. ஒரு மூலையில் ஈச்சிலம்பற்று மாமியின் பெருவிரல். தாம்பாளத்திலிருந்து மேல்நோக்கி எடுத்ததால் அத்தானின் மூக்குத் துவாரங்கள் இரண்டும் படத்தின் நடுவில் இரண்டு கருந்துளைகள் மாதிரி. ஆனால் முகம் தெளிவு. தலைப்பாகை தெளிவு. இரண்டு கைகளிலும் தாலிக்கொடி. அவருக்கு முன்னால் அக்கா, தலை குனிந்து, மெல்லச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கணத்தில் மட்டும் வந்து போன சிரிப்பு. என் கமரா அதையும் சேர்த்துத்தான் கழித்திருக்கிறது.

மேல் மூலையில், வீடியோ கோலின் சின்னப் பெட்டிக்குள், கனடா மாமி. வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுகிறார். கலியாணத்துக்கு வர முடியாத ஆள் அந்தப் படத்தில் வந்துவிட்டார். அத்தான் அதைப் பார்த்துவிட்டு எழும்பிக் குசினிப் பக்கம் போனார். தண்ணீர் குடிக்க என்று சொன்னார். வெகு நேரம் குடித்தார். நானும் மொட்டை மாடிக்குப் போய்ப் பீரங்கிக்குப் பக்கத்தில் இருந்து கொஞ்சம் அழுதேன். நிம்மதியில்தான்.

அந்தப் பூத்தட்டுப் படம்தான் கோவைக்குள் போனது. அக்கா அடுத்த வருடம் ரொறன்ரோ போய்ச் சேர்ந்தாள்.

இப்போது அவர்களுடைய வீட்டு ஹோலில் மூன்று படங்கள் தொங்குகின்றன. முதலாவது கார்த்திகை. இரண்டாவது மூக்குத் துவாரங்கள். மூன்றாவது, எவ்வளவோ கெஞ்சியும் கழற்ற மாட்டோம் என்று சாதிக்கிற என்னுடைய தலைசிறந்த படைப்பு. புதிதாக யார் வந்தாலும் அத்தான் அதற்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார். "இதில மாப்பிள்ளை ஆர் எண்டு சொல்லுங்கோ பார்ப்பம்?" முக்கால்வாசிப் பேர் குலம் சித்தப்பாவைக் காட்டுவார்கள். வயதைப் பார்த்துவிட்டு அக்காவை இரக்கத்தோடு பார்ப்பார்கள். பிறகு அத்தான் அந்த இளஞ்சிவப்பில் விரலை வைத்து, "இந்தப் புகைதான் நான்" என்பார்.

நான் இன்னும் வானத்தைத்தான் எடுக்கிறேன். நன்றாக எடுக்கிறேன். போன மாதம் எடுத்த அன்ட்ரோமீடாவை நீங்கள் பார்க்க வேண்டும். அடுக்குகிற முறையில் ஒரு குறையும் இல்லை என்பதே இன்றைக்கும் என் நிலைப்பாடு. அத்தான் ஆடாமல் இருந்திருக்கலாம்.

பிறகு எனக்கும் கலியாணம் நடந்தது, அதே மண்டபத்தில். மாப்பிள்ளைக் காரில் இருந்து இறங்கினேன். வாசலில் சந்தனத் தட்டுக்குப் பக்கத்தில் அதே பனையோலைக் கடகம். அதற்குப் பின்னால் கதிரை போட்டு அம்மா. கடகத்துக்குள் ஒரே ஒரு பொருள் இருந்தது. என் கமரா. அம்மா எழும்பி, எனக்கு ஆலாத்தி எடுப்பதற்கு முன், இலக்கத் துண்டு ஒன்றை என் கையில் வைத்தார். ஒன்றாம் இலக்கம்.

மண்டபத்துக்குள் போனால் போகஸ் லைட் எல்லாம் எரிகிறது. ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாருடைய கையிலும் போன். முன்வரிசையில் முழங்கால் சுகமாகி விமானம் ஏறி வந்த கனடா மாமி, பக்கத்தில் ஈச்சிலம்பற்று மாமி. நான் தாலியை எடுத்துக்கொண்டு எழும்பினேன். கெட்டிமேளம் தொடங்கப் போகிற நேரம், மண்டபம் ஒரு கணம் அமைதியான இடைவெளியில், கனடா மாமி வகுப்பறைக் குரலில் சொன்னார்:

"தம்பி, ஆடாமல் கட்டும். மறைஞ்சு போவீர்."

தவில்காரர் சிரித்ததில் கெட்டிமேளம் பிந்தியது. நான் மட்டும் அசையவில்லை. அந்தப் படங்களில் எல்லாரும் வாய்விட்டுச் சிரிக்க, நான் மட்டும் மூச்சுக்கூட விடாமல் நிற்கிறேன். என் மனைவி இன்றைக்கும் கலியாண அல்பத்தைத் திறந்தால், "என்னைக் கட்ட அவ்வளவு பயமோ உங்களுக்கு?" என்று கேட்கிறாள்.